முற்றத்து அடுப்பும் ஏகமனதும்

"ஏகமனதாக" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதும் பல் கூசும். கொழும்பில் தமிழர் கூடுகிற எந்தச் சங்கத்துக்கும் போய்ப் பாருங்கள். கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், மரண சகாய சங்கம், எங்கேயும் எல்லாமே ஏகமனதாகத்தான் நிறைவேறும். கூட்டம் முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் யாருக்கு எது பிடிக்கவில்லை என்பது மெல்லக் கசியும். இந்தக் கூத்தைச் சம்பளத்துக்கு நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குச் சில வருஷம் கிடைத்தது.

அப்போது நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தேன். பழைய கட்டடங்களில் வாடகைக்கு இருக்கும் வசதி குறைந்த குடும்பங்கள் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, அந்தக் கட்டடத்தையே வாங்கி, தாங்களே நடத்துவதற்குக் கைகொடுப்பது எங்கள் திட்டம். நல்ல திட்டம். அதை இன்றைக்கும் சொல்வேன். திட்டத்தைச் சுற்றி நின்ற ஆட்களைப் பற்றித்தான் எனக்கு நல்ல வார்த்தை வராது.

எங்கள் பணிப்பாளர் வாடகை வீட்டில் ஒரு நாளும் இருந்தவர் இல்லை. குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு "அடித்தட்டு மக்கள்" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். அடித்தட்டு மக்கள் யாராவது அலுவலகத்துக்கு வந்துவிட்டால் மட்டும், வரவேற்பறைக் கதிரையில் இருத்தாமல் மாடிப்படியில் காத்திருக்கச் சொல்வார். என் கதையும் பெரிய வித்தியாசமில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஓர் அடுக்குமாடியில் எனக்குச் சொந்த வீடு. டாக்டர், எக்கவுண்டன்ட், எஞ்சினியர் என்று முழுக்கப் படித்த சனம் இருக்கிற கட்டடம். அங்கே லிஃப்ட் பழுதாகி மாதக்கணக்காகியும் திருத்த முடியவில்லை. தான் லிஃப்டில் ஏறுவதில்லை, ஆகவே திருத்தும் செலவில் தனக்குப் பங்கில்லை என்றார் கீழ்மாடிக்காரர். மேல்மாடிக்காரர் பதிலுக்குக் காவலாளியின் சம்பளத்தில் தன் பங்கை நிறுத்தினார். படிக்கட்டில் ஆளை ஆள் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அந்தப் படிகளில் தினமும் மூச்சிரைக்க இறங்கித்தான், ஒரு கட்டடத்தை எப்படிக் கூட்டாக நடத்துவது என்று நான் கொட்டாஞ்சேனை ஏழைகளுக்குப் படிப்பிக்கப் போனேன்.

நான் போன கட்டடம் கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைச் சந்துக்குள் இருந்தது. யாரோ ஒரு வர்த்தகர் முந்திய காலத்தில் கட்டிய இரண்டு தட்டு வீடு. இப்போது அறைக்கொரு குடும்பம். நடுவில் முற்றம், முற்றத்தில் எல்லாருக்கும் ஒரே பைப், பின்னால் இரண்டு கக்கூஸ். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்ந்தவர்கள், ஒருகொடவத்தை கொள்கலன் யார்டுகளுக்குப் போய் வருகிறவர்கள், கடைச் சிப்பந்திகள். பெரும்பாலும் கிறிஸ்தவ வேதக்காரர், இடையிடையே சைவர்கள். வீட்டுக்காரரின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். விற்றுவிட்டுக் கையைக் கழுவினால் போதும் என்றிருந்தார்கள்.

முற்றத்தின் மூலையில், தகரக் கூரை போட்ட ஒரு பத்திக்குக் கீழே, ஓர் அடுப்பு எரியும். அதன் சொந்தக்காரி ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர், புருஷன் செத்த பிறகும் அதே அறையில் இருந்துவிட்டார். விடியமுன் எழும்பி இடியப்பம் அவித்து, சம்பலும் சொதியும் சேர்த்துச் சந்தியில் உள்ள கடைகளுக்குக் கொடுப்பார். மிச்சத்தை ஓட்டோக்காரரும் கட்டடத்துச் சனமும் வந்து வாங்குவார்கள். அவருடைய அறைக்கு யன்னல் கிடையாது, உள்ளே விறகு எரிக்க முடியாது. சங்கத்துக்கு அவர் கட்ட வேண்டிய தவணையும் அந்த அடுப்பிலிருந்துதான் வர வேண்டும். அடுப்பு எரிந்தால் அவருக்கு அந்தக் கட்டடத்தில் இடம் இருக்கும், அணைந்தால் இருக்காது. எல்லாரும் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். அவர் இல்லாத இடத்தில் "தோட்டத்து மனுசி" என்றார்கள். அவர் கையால் தின்ற வாயாலேயே சொன்னார்கள்.

எங்கள் நிறுவனம் அங்கே போவதற்குக் கொஞ்சம் முதல், அந்த இடத்தைச் சாமான் அடுக்குகிற கிட்டங்கியாக்க நினைத்த ஒரு முதலாளி, புரோக்கரைக் கூட்டிக்கொண்டு அளவு நாடாவோடு வந்திருக்கிறான். அன்றைக்குக் கட்டடத்தில் ஆண்கள் இருந்தார்கள். துறைமுகக் கந்தோரில் கோப்பு எழுதும் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவரும் இருந்தார். எல்லாரும் கதவைச் சாத்திவிட்டு யன்னல் திரைச்சேலை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாடா அடுப்புக்குக் கிட்ட வந்தபோது அக்கா அகப்பையைக் கையில் பிடித்தபடி, இங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், யாரைக் கேட்டு அளக்கிறாய் என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். சத்தம் கேட்டு, அவரிடம் சாப்பிடுகிற ஓட்டோக்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். முதலாளி நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. அதனால்தான் கட்டடம் எங்கள் திட்டத்துக்கு மிஞ்சியது. இதை எனக்குச் சொன்னவர் ஓர் ஓட்டோக்காரர். கட்டடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு சங்கத்தின் திறப்பு விழாவில் அந்த ஓய்வு பெற்ற லிகிதர் ஒலிவாங்கியைப் பிடித்து, "நாம் அனைவரும் தோளோடு தோள் நின்று ஆக்கிரமிப்பாளரை விரட்டியடித்தோம்" என்று முழங்கினார். அக்கா பின்வரிசையில் இருந்து கைதட்டினார். அவருடைய தோளோடு எந்தத் தோள் நின்றது என்று எழும்பிக் கேட்க என் நாக்குத் துடித்தது.

கதையில் நான் முன்னுக்கு ஓடிவிட்டேன். சங்கம் பதிவாவதற்கு முன்னமே பயிற்சிப் பட்டறைகள் நடந்தன. அதற்கென்று ஒரு நிபுணரைப் பணிப்பாளர் கொண்டு வந்தார். கைத்தறிச் சால்வையும் சிவப்பு மூக்குக்கண்ணாடியுமாக வந்த அந்தப் பெண்மணி எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து, ஒரு கம்பளி நூல் பந்தை ஆளுக்காள் எறியச் சொன்னார். எறிந்து எறிந்து கடைசியில் நடுவில் ஒரு வலை வரும். நாம் எல்லாரும் ஒருவரோடொருவர் பிணைக்கப்பட்டிருக்கிறோம் என்பது அதிலிருந்து விளங்க வேண்டிய பாடமாம். பைப்படியில் ஒவ்வொரு காலையும் ஒருவரின் வாளியை ஒருவர் தள்ளி வைக்கிற சனத்துக்கு, தாங்கள் பிணைக்கப்பட்டிருப்பது தெரியாதென்று அவருக்கு யார் சொன்னார்களோ. சனம் பொறுமையாக நூல் எறிந்தது, பிறகு பெட்டிஸ் சாப்பிட்டது. ஒரு மனுசி அந்த நூலைச் சிக்கெடுத்துச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், கைப்பிள்ளைக்கு ஒரு தொப்பி பின்னினார். அத்தனை பட்டறைகளாலும் உருப்படியாக விளைந்தது அந்தத் தொப்பி ஒன்றுதான்.

தலைவராக ஓய்வு பெற்ற லிகிதர் தெரிவானார். ஏகமனதாகத்தான். கூட்டத்துக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான் என்பதைத் தவிர வேறு தகுதி எதையும் நான் காணவில்லை.

அவர்கள் கூட்டம் நடத்துகிற முறையைச் சொல்லவேண்டும். தீர்மானம் எதுவும் கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை. கூட்டத்துக்கு முந்திய நாட்களில் தலைவரும் மனைவியும் அறை அறையாகப் போய் இருந்து கதைப்பார்கள். அதற்குக் "கதைச்சு முடிக்கிறது" என்று பெயர். பிறகு கூட்டத்தில் மௌனப் பிரார்த்தனை, வரவேற்புரை, போன கூட்ட அறிக்கை வாசிப்பு எல்லாம் முறையாக நடக்கும். தலைவர் எழும்பிப் பிரேரிப்பார். அந்தப் பிரேரணையால் யாருக்கு நட்டமோ அவரையே எழுப்பி ஆமோதிக்க வைப்பார்கள். அதுதான் மரியாதையாம். நட்டப்படுகிறவரே ஆமோதித்துவிட்டால், யாரும் யாருக்கும் எதிராகக் கை தூக்கியதாக இருக்காது. மேல் தட்டில் ஒருவர் புறா வளர்த்தார். புறா வளர்க்கத் தடை என்ற பிரேரணையை அவரே எழும்பி ஆமோதித்தார். அடுத்த நாள் கூடுகளை மட்டக்குளியில் தம்பி வீட்டுக்கு ஏற்றினார். அதற்குப் பிறகு தலைவரோடு அவர் முகம் கொடுத்துக் கதைத்து நான் பார்க்கவில்லை. ஆனால் அறிக்கையில் ஏகமனதாக என்றுதான் இருக்கிறது.

இது என்ன முறை என்று தலைவரிடம் கேட்டேன்.

"மிஸ், நீங்கள் கூட்டம் முடிய வெள்ளவத்தைக்குப் போயிடுவியள்," என்றார். "நாங்கள் விடிஞ்சா பைப்படியிலை ஆளின்ரை முகத்தை ஆள் பாக்கவேணுமெல்லோ."

அவர் சொன்ன ஒரேயொரு உண்மை அதுதான்.

கட்டடம் சங்கத்தின் பெயருக்கு வந்தது. சொந்தக்காரர் ஆனதும் முதலில் ஒழுகுகிற கூரையைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். இரும்புக் கேட் போட்டார்கள். கேட்டில் ஒரு பலகை தொங்கவிட்டார்கள்: "உத்தரவின்றி உட்பிரவேசிக்கத் தடை." உத்தரவு கொடுக்கிறவர் யார் என்று கேட்டதற்குக் கமிட்டி என்றார்கள். அன்றிலிருந்து அந்த ஓட்டோக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்று கம்பி இடையால் கையை நீட்டி இடியப்பப் பார்சலை வாங்கினார்கள். இருந்த இரண்டு கக்கூசில் ஒன்றுக்கு மாபிள் பதித்துப் பூட்டுப் போட்டார்கள். எங்கள் நிறுவனத்து விருந்தாளிகள் வந்தால் பாவிப்பதற்காம். பூட்டின் திறப்பு தலைவரின் மனைவியிடம் இருந்தது. சனம் முழுவதும் மற்றதற்கு முன்னால் வாளியோடு வரிசையில் நின்றது. வாடகை வாங்க ஆள் வருகிற நாளில் கதவுக்குப் பின்னால் ஒளிந்த அதே மனிதர்கள் இப்போது முற்றத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாத்தினார்கள். அந்த நடையைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலில் சிரிப்பு வரும். வீட்டுக்காரனை வெறுத்த அவ்வளவு காலமும் அவனுடைய நடையைத்தான் பார்த்துப் பழகியிருக்கிறார்கள்.

சுவர்களுக்கு இளமஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். அக்காவின் அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவர் ஒரு மாதத்தில் கறுத்தது. கறுப்பு அங்கே முந்தியும் இருந்ததுதான், மஞ்சள் அடித்த பிறகுதான் கண்ணில் குத்தியது. அதோடு தலைவரின் மகளுக்கு வெள்ளவத்தையில் ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் புகைக்கும் இடியப்பத் தட்டுகளுக்கும் நடுவால் நடந்து வரவேண்டுமா என்று தலைவரின் மனைவிக்கு நித்திரை இல்லை. இதை அவரே எனக்குச் சொன்னார். வெள்ளவத்தைக்காரி என்பதால் எனக்கு விளங்கும் என்று நினைத்திருப்பார்.

ஒரு பின்னேரம் நான் முற்றத்தில் நிற்கும்போதே இருவரும் அக்காவிடம் கதைச்சு முடிக்க வந்தார்கள். அக்கா ஈரத் தட்டுகளைச் சுவரோடு சாய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களுக்கு எதிரா எங்களுக்கு ஒண்டும் இல்லை," என்று தலைவர் தொடங்கினார். "சுவர் கறுக்குது. பொதுச் சொத்தெல்லோ. முற்றத்திலை யாவாரத்துக்கு அடுப்பு மூட்டக்கூடாது எண்டு ஒரு பிரேரணை கொண்டுவாறம். நீங்களே எழும்பி ஆமோதிச்சியள் எண்டா வடிவா முடிஞ்சிடும்."

"ஒரு காஸ் அடுப்பை வாங்கி அறைக்குள்ளை வைச்சு அவியுங்கோவன்," என்றார் மனைவி.

"அந்த அறைக்குள்ளங்களா?" என்று அக்கா கேட்டார். "இந்தத் தட்டெல்லாம் உள்ள வச்சா நான் வெளிய நிக்கணும்ங்க."

"யோசியுங்கோ. ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம்."

அக்கா அடுத்த தட்டை எடுத்துச் சுவரோடு சாய்த்தார். தலைவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அவர்களுடைய கணக்கில் அந்த விஷயம் முடிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பணிப்பாளரும் வந்தார். நிதி கொடுக்கிற வெளிநாட்டுக்காரர் சிலரைக் கூட்டி வந்திருந்தார். ஏழைகள் தங்களைத் தாங்களே ஆளுவதைக் காட்டப்போகிறாராம். பிளாஸ்டிக் கதிரைகள் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் போட்டிருந்தார்கள். அடுப்பைச் சாக்கால் மூடியிருந்தார்கள். தலைவர் எழும்பி, "எமது கட்டடத்தின் எழிலையும் அங்கத்தவரின் ஆரோக்கியத்தையும் கருத்திற்கொண்டு, பொது முற்றத்தில் வியாபார நோக்குடன் அடுப்பு மூட்டுவதை இச்சபை தடைசெய்ய வேண்டுமெனப் பிரேரிக்கிறேன்" என்று வாசித்தார். பிறகு அக்காவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அக்கா எழும்பினார்.

"நான் ஆமோதிக்க மாட்டேங்க," என்றார். "அது என் பொழப்பு. அத அணைக்கறதுக்கு நானே எழும்பி நிக்கணுமா? எனக்குப் புடிக்கலன்னு எழுதிக்குங்க."

சொல்லிவிட்டு அவர் இருக்கவில்லை. நின்றபடியே நின்றார். அந்தக் கட்டடத்தின் கூட்டங்களில் "புடிக்கல" என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அறிக்கை எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார். அதை எப்படி எழுதுவதென்று அவருக்குத் தெரியாது.

"சரி," என்றார் தலைவர். அவருக்கு வியர்த்துவிட்டது. "வேறை ஆரும் ஆமோதியுங்கோ."

ஒருவரும் அசையவில்லை. அக்கா நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். புறாக்காரர் மேலே தகரத்தைப் பார்த்தார். தொப்பி பின்னிய மனுசி பிள்ளையின் மூக்கைத் துடைக்கத் தொடங்கினார். தலைவர் தன் மனைவியைப் பார்த்தார், மனைவி சேலைக் கரையைப் பார்த்தார். அக்கா அங்கே நிற்கும்போது, அவர் முகத்துக்கு நேரே ஆமோதித்துவிட்டு, அடுத்த நாள் பைப்படியில் அவருக்குப் பக்கத்தில் வாளி வைக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஆமோதிக்க ஆளில்லாமல் பிரேரணை விழுந்தது. தலைவர் தொண்டையைச் செருமிவிட்டு நேரே நன்றியுரைக்குப் போனார்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நியாயம் தெரிந்து ஒருவரும் வாய் மூடவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாரும் பயத்தில் மூடினார்கள். நான் அவ்வளவு நாளும் இளக்காரமாகப் பார்த்த அந்தப் பயந்தாங்கொள்ளித்தனம் அன்றைக்கு ஒரு மனுசியின் அடுப்பைக் காப்பாற்றியது. அதற்காக அதைக் கும்பிடவும் தயாராக இருந்தேன்.

திரும்பி வரும்போது வேனில் பணிப்பாளர் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்.

"இது ஜனநாயகமே இல்லை," என்றார். "சனம் மனதில இருக்கிறதைச் சொல்லப் பயப்பிடுது. நீர் இவ்வளவு நாளும் என்ன பயிற்சி குடுத்தனீர்? ரகசிய வாக்கெடுப்பு ஒண்டு வையும்."

"சேர், அந்தப் பயத்தாலதான் அந்த அக்காவின்ர அடுப்பு எரியுது," என்றேன்.

"நீர் அவையளோட பழகிப் பழகி உணர்ச்சிவசப்படுறீர். தனி ஆளைப் பாக்கக்கூடாது, முறையைப் பாக்கவேணும்."

அவர் பார்த்த முறை என்னவென்றால், அன்றைக்கு விருந்தாளிகளுக்கு முன்னால் ஒரு தீர்மானம் நிறைவேறாமல் போய்விட்டது. அவருடைய அறிக்கைக்கு நிறைவேறிய தீர்மானம் ஒன்று வேண்டும். எந்தத் தீர்மானம் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அலுவலகத்தில் தேநீருக்கு வாங்கிய ஒரு பிஸ்கட் டின் வெறுமையாகக் கிடந்தது. மூடியில் ஒரு வெட்டு வெட்டி, மண்ணிறக் கடதாசி ஒட்டி, வாக்குப் பெட்டியாக்கிக்கொண்டு நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் தலைவருக்குக் கோபம் வந்தது. "ரகசியமோ? நாங்கள் என்ன களவோ எடுக்கப்போறம் மிஸ்?"

குடும்பத்துக்கு ஒரு துண்டு என்றும், ஓம் அல்லது இல்லை என்று எழுதி மடித்துப் போட வேண்டும் என்றும், துண்டில் பெயர் இருக்காது என்றும் விளக்கினேன்.

"அப்ப ஆர் என்ன போட்டதெண்டு தெரியாதோ?"

"தெரியாது."

"ஒருத்தருக்குமோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் கொஞ்சநேரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது. "நல்ல முறைதான்," என்றார். இந்தத் தடவை அறை அறையாகப் போக வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை.

வாக்கெடுப்பு நாளில் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு சேலையைக் கட்டி மறைத்து, உள்ளே பெட்டியை வைத்தேன். ஒவ்வொருவராக வந்து சேலைக்குள் போய் வெளியே வந்தார்கள். துண்டுகளை அவ்வளவு சின்னதாக மடித்திருந்தார்கள், விரிக்க எனக்கு நகம் தேவைப்பட்டது. அக்காவும் வரிசையில் நின்று போட்டார். பிறகு நான் முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் துண்டுகளை விரித்து வாசித்தேன். ஓம். ஓம். ஓம். புறாக்காரர் இருந்தார், ஒரு "இல்லை" அவரிடமிருந்து வரும் என்று காத்திருந்தேன். மனைவி பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று வேளையும் அக்காவிடம் சாப்பிட்டவர் ஒருவர் இருந்தார், அவரிடமிருந்தும் வரும் என்று காத்திருந்தேன். எல்லாத் துண்டையும் வாசித்து முடித்தபோது ஒரேயொரு "இல்லை" இருந்தது. அது யாருடைய கையெழுத்து என்று ஒருவரும் கேட்கவில்லை.

"அநேகமாக ஏகமனதாக நிறைவேறியது" என்று அறிக்கை எழுதுகிறவருக்குத் தலைவர் சொல்லிக் கொடுத்தார். அவரும் அப்படியே எழுதினார்.

"எத்தன நாளைக்குள்ளங்க?" என்று மட்டும் அக்கா கேட்டார். மாதம் முடியும் வரை அடுப்பு எரியலாம் என்று தலைவர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

தலைவர் எதிர்பார்த்த சம்பந்தக்காரர் அடுத்த கிழமையே வந்தார்கள். மஞ்சள் சுவரைப் பார்த்தார்கள், மாபிள் கக்கூசைப் பாவித்தார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது, இடம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. எனக்குத் துளியும் கவலை வரவில்லை.

அக்கா மட்டக்குளியில் ஒரு கடைக்குப் பின்னால் அடுப்போடு ஓர் இடம் பார்த்தார். வாடகைக்குத்தான். சங்கத்தில் இருந்த பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருடைய அறையைச் சங்கக் காரியாலயம் ஆக்குவதென்று ஒரு பிரேரணை தயாராகிக்கொண்டிருந்தது. வாடகைக்காரரைச் சொந்தக்காரர் ஆக்குகிற எங்கள் திட்டத்தில், சொந்தக்காரியாக இருந்து மறுபடி வாடகைக்குப் போனவர் அவர் ஒருவர்தான். எங்கள் ஆண்டறிக்கையில் அப்படியொரு வரி கிடையாது.

மாதத்தின் கடைசிக் காலையில் நான் அங்கே போனேன். அந்தப் பெட்டியை இன்னொரு கட்டடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்று பணிப்பாளர் சொல்லியிருந்தார், அதை எடுக்கப் போனேன். அக்கா கடைசித் தடவையாக அவித்துக்கொண்டிருந்தார். கட்டடத்துச் சனம் தட்டுகளோடு வந்தது. தனித்தனியாகத்தான் வந்தார்கள். ஒருவர் போகும்வரை அடுத்தவர் படிக்கட்டில் காத்து நின்றார்.

புறாக்காரர் குனிந்து, "அக்கா, நான் இல்லை. அம்மாளாணை," என்றார். அக்கா இடியப்பத்தை அடுக்கி, சம்பல் வைத்து, சொதி ஊற்றிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக் காலத்தில் சாப்பிட்டவர் வந்தார். "ஆர் செய்ததெண்டு தெரியாது அக்கா. நான் இல்லையெண்டு கும்பிட்ட கையோடை சொல்லுறன்." அவருக்கும் கொடுத்தார்.

கடைசியாகத் தலைவரின் மனைவியே தட்டோடு வந்தார். "இவர் பிரேரிச்சது பதவிக்காக அக்கா. எங்கடை துண்டு உங்களுக்குத்தான் போட்டது," என்றார். சொதி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு அவர்கள் அத்தனை பேரின் தட்டையும் பிடுங்கி முற்றத்தில் எறிய வேண்டும் போல் இருந்தது. அக்கா விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினார். சாம்பல் கொதித்து அடங்கும்வரை நின்று பார்த்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்க மிஸ்," என்றார். "நேத்துலேருந்து ஒவ்வொருத்தரா வந்து நான் இல்ல, நான் இல்லன்னு சொல்லிட்டுப் போறாங்க. ஒரு வீடு பாக்கி இல்லீங்க."

"பொய் சொல்லுகினம் அக்கா."

"சாமி மேல சத்தியம் பண்றாங்களே." அவர் தட்டுகளைக் கயிற்றால் கட்டி முடிச்சுப் போட்டார். பிறகு என் கக்கத்தில் இருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தார்.

"அப்ப அந்த ஓமெல்லாம் ஒங்க பெட்டிதாங்க போட்டிருக்கும்."